இடது முட்டி

உட்கார்ந்தது என்னவோ சுலபமாகத்தான் உட்கார்ந்துவிட்டார். வயிறு செய்த அவசரத்தில் முட்டியிடம் அனுமதி கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை. ஆத்திரத்தை அடக்கினாலும் மூத்திரத்தை அடக்க முடியாது என்பார்கள், இது மூத்திரத்தோடு நிற்கிற சமாசாரமும் இல்லை. இப்போது எல்லாம் முடிந்து கழுவியும் ஆயிற்று, எழுந்திருக்க வேண்டியதுதான் பாக்கி, அதுதான் நடக்கவில்லை. ஆறுமுகநயினார் தொடையில் கையை ஊன்றி மறுபடியும் ஒரு எக்கு எக்கிப் பார்த்தார். இடது முட்டிக்குள் ஏதோ ஒன்று இன்னொன்றின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றது. நோவு அங்கிருந்து கிளம்பி இடுப்புக்குப் போய், இடுப்பிலிருந்து பல்லுக்கு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பழையபடி குந்தினார். சவம், என்றார் முட்டியைப் பார்த்து. மனசுக்குள்தான் சொன்னார். அடுத்தவர் வீட்டுக் கக்கூஸில் வாயைத் திறந்தால் அந்தக் காற்று உள்ளே போய்விடும், அது அவருக்கு ஆகாது. கதவுக் கொண்டி எட்டாத உயரத்தில் இருந்தது. கதவு ஆணியில் பட்டுக்கரை வேட்டியும் சட்டையும் பத்திரமாகத் தொங்கின, இடுப்பில் ஒரு துண்டு மட்டும். பிடித்து எழும்ப ஒன்றுமில்லை. குழாய் இருக்கிறது, பிளாஸ்டிக் குழாய், இழுத்தால் கையோடு வந்துவிடும், அப்புறம் சம்பந்தி வீட்டுக் கக்கூஸை உடைத்தவர் என்கிற பட்டமும் சேர்ந்துகொள்ளும். தன் வீட்டில் என்றால் ஜன்னல் கம்பியில் கயிறு தொங்கும், மகள் சிவகாமி தன் பழைய சேலையைக் கிழித்து முறுக்கிக் கட்டிவிட்டது, அதைப் பிடித்துக்கொண்டு ஒருவழியாக மேலே வந்துவிடுவார். இங்கே இருப்பது தரை ஒன்றுதான். தரையைப் பார்க்காமல் இருக்கத்தான் பார்த்தார். ஆனால் குந்தியிருக்கிறவனுக்குத் தரையைத் தவிர வேறென்ன காட்சி? வெள்ளையாக இருந்து பழுப்பாகிப்போன ஓடு, சந்துகளில் கறுப்புக் கோடு, மூலையில் கரைந்த சோப்புத் துண்டும் அதில் ஒட்டிய நீள முடி ஒன்றும், மக்கு வைத்த இடத்தில் பச்சைப் பாசி வட்டம், எங்கிருந்து வந்தது என்று கேட்கக்கூடாத ஈரம். ஃபினாயில் வாடையும் அதற்கு அடியில் ஃபினாயிலால் மறைக்க முடியாத வாடையும்.

இந்த ஈரத்தில் குந்தவேண்டும் என்று அவருக்கு விதியா என்ன, உள்ளே கூடத்தை ஒட்டியே ஒரு கக்கூஸ் இருந்தது, மாப்பிள்ளையின் தாயார் ஆவுடையம்மாள் மரியாதையாகச் சொல்லத்தான் செய்தாள், “உள்ளயே இருக்கு அண்ணாச்சி, உக்காந்தே போலாம்” என்று. அவர் கதவைத் திறந்து ஒரு பார்வை பார்த்தார், வெள்ளைக் கோப்பை, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் வளையம், சுவரில் இரண்டு பக்கமும் பளபளவென்று கைப்பிடி வேறு. அந்த வளையத்தில் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள். காலையிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் வரிசையாக வெறுந்தொடையோடு உட்கார்ந்து எழும்பிய இடத்தில் தானும் போய் தன் தொடையை வைப்பதா? எச்சில் தட்டில் சாப்பிடுகிறதாவது வாயோடு போயிற்று. பழைய மாதிரி ஒன்று இல்லையா என்று அவர் கேட்டதும், புறவாசலில் இருக்கிறது என்று கையைக் காட்டினாள். போக்குவரத்துக் கழகத்தில் வண்டி ஓட்டிய காலம் பூராவும் அவர் இப்படித்தான், டிரைவர் சீட்டில் தன் விரிப்பைப் போடாமல் உட்கார்ந்ததில்லை, முந்தின ஷிப்டுக்காரன் தொட்ட ஸ்டியரிங்கைத் துடைக்காமல் பிடித்ததில்லை, டிப்போவில் அவருக்குப் பெயரே ‘துடைப்பு நயினார்’. அந்த இடது காலால் க்ளட்சை மிதி மிதி என்று மிதித்ததில் வந்ததுதான் இந்த வியாதி என்று அவர் சொல்லிக்கொள்வார். எல்லா டிரைவருக்குமா வந்தது என்று பெண்சாதி பகவதி கேட்பாள். இன்றைக்கு வெள்ளிக்கிழமை, ராகு காலம் பிறக்கிறதுக்குள் தாம்பூலத் தட்டு மாற்றியாக வேண்டும், கூடத்தில் ஜமுக்காளம் விரித்துத் தேங்காயும் பழமும் வெற்றிலையும் வைத்தாயிற்று, பெண்ணின் அப்பன் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்து தட்டை வாங்கவேண்டும். அந்த அப்பன் இங்கே குந்திக்கொண்டிருக்கிறான். சம்மணம் போட்டால் எப்படி எழும்புவது என்று ராத்திரியெல்லாம் யோசித்துக் கவலைப்பட்டவர், அதற்கு முந்தியே இப்படி ஒரு இடத்தில் மாட்டிக்கொள்வோம் என்று நினைக்கவில்லை.

காலைப்பற்றி மூச்சு விடக்கூடாது என்பது மைத்துனன் கோலப்பனின் உத்தரவு. வேனிலிருந்து இறங்கும்போதே காதுக்குள் சொன்னான், “அத்தான், படி ஏறும்போது நொண்டிராதீங்க, போன எடம் என்னாச்சுன்னு தெரியும்லா.” தெரியாமல் என்ன. போன வருஷம் சங்கரன்கோவில் பக்கமிருந்து வந்த இடம், ஜாதகம் பொருந்தி, பெண்ணைப் பிடித்து, எல்லாம் கூடி வந்த பிறகு வேண்டாம் என்றுவிட்டார்கள். தரகர் வந்து தலையைச் சொறிந்தார். ஒத்தைப் பெண், அப்பனுக்குக் கால் வழங்கவில்லை, நாளைக்கு மாப்பிள்ளை தலையில்தானே விடியும் என்று யோசிக்கிறார்களாம். சிவகாமிக்கு முப்பத்தொன்று ஆகிறது. நர்சரி பள்ளிக்கூடத்தில் மிஸ். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு அவள் பிள்ளைகளுடைய நோட்டுகளுக்கு உட்கார்ந்து சிவப்பு மையில் சரி போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவின் முட்டி பிள்ளையின் கல்யாணத்தைக் கெடுத்தது, பனைமரத்தில் தேள் கொட்டத் தென்னைமரத்தில் நெறி கட்டிய கதை. ஆகவே இந்தத் தடவை அவர் நேராக நடந்தார், படியில் வலது காலை வைத்து இடது காலை ஒன்றும் தெரியாததுபோல் பின்னால் கூட்டி வந்தார், சிரித்தபடியே வந்தார், உள்ளே முட்டி நறநறவென்று அரைத்தது. கல்லில் மணல் விழுந்த அரிசியை அரைக்கிற சத்தம். அந்தச் சத்தம் பக்கத்தில் வருகிறவர்களுக்கும் கேட்குமோ என்று அவருக்கு எப்போதும் ஒரு பயம்.

நாலு வருஷமாக இந்த முட்டிக்கு அவர் செய்யாத வைத்தியமில்லை, சகிக்காத கண்றாவியில்லை. எருக்கிலையைச் சுட்டுக் கட்டினார், அந்தப் பால் பட்டுத் தோல் வெந்து தொலி உரிந்தது. மலையில் விளைகிற முடவாட்டுக்கால் கிழங்கு என்று ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், கிழங்கா அது, மேலெல்லாம் பழுப்பு முடி, செத்த ஆட்டின் காலை வெட்டிக் கையில் கொடுத்த மாதிரி. அதைச் சுரண்டி ரசம் வைத்ததில் அன்றைக்குப் பூராவும் வாயைக் கொப்புளித்துக்கொண்டிருந்தார். கட்டுப் போடுகிற வைத்தியர் ஒருவர் முட்டையும் பச்சிலையும் குழைத்து அப்பிவிட்டார், மூன்றாம் நாள் அந்தக் கட்டுக்குள்ளிருந்து கிளம்பிய நாற்றத்தில் அவருக்கே தன் காலோடு ஒரே கட்டிலில் படுக்கப் பிடிக்கவில்லை. பிறகு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள், மஞ்சளாய், கொழகொழவென்று, விளக்கெண்ணெய் மாதிரி. இது உங்க முட்டியிலேருந்து வந்தது என்று காட்டினார் டாக்டர், ஏதோ பெருமைக்குரிய விளைச்சல் மாதிரி. அதைப் பார்த்ததிலிருந்து அவருக்கு முட்டியென்றால் எலும்பு என்கிற நினைப்பே போய்விட்டது, உள்ளே அந்த மஞ்சள்தான் ஊறிக்கொண்டிருக்கிறது, இப்போதும் ஊறுகிறது, குந்தக் குந்த ஊறி வீங்கி எழும்பவிடாமல் பூட்டுகிறது. டாக்டர் அனுப்பித்தான் அந்தப் பெண்ணிடம் போனார், ஜெசிந்தா, உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பெண், சிவகாமியைவிடச் சின்னவள். ஒரு பிளாஸ்டிக் முட்டியை எடுத்து வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துப் பையனுக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். எலும்புக்கும் எலும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரி ஒன்று இருக்கிறது சார், அது தேய்ஞ்சிருக்கு, தேய்ஞ்சது திரும்ப வளராது, ஆனா பயப்படவேண்டாம், தொடைச் சதை பலமா இருந்தா முட்டி மேல பாரம் விழாது, உங்களுக்குத் தொடை சும்மா தொளதொளன்னு கிடக்கு, அதான் எல்லாப் பாரத்தையும் முட்டி வாங்குது. குந்தக்கூடாது, தரையில உக்காரக்கூடாது, வீட்டுல உக்காந்து போற கக்கூஸ் வைங்க, எடையைக் குறைங்க, தினம் நடங்க, சுருட்டின துண்டை முட்டிக்கு அடியில வச்சு அழுத்துங்க, காலை நேரா நீட்டித் தூக்கி நிறுத்துங்க. தைலம் தேய்க்கலாமா என்று கேட்டார். தேய்ச்சா இதமா இருக்கும், அவ்வளவுதான். “எண்ணெய் யாரு வேணா தேய்க்கலாம் சார். காலை நீங்கதான் தூக்கணும்.”

அவர் தூக்கவில்லை. அங்கே ஒரு ரெக்சின் மெத்தை, நீல நிறம், அதில் மல்லாந்து படுக்கச் சொன்னாள், முந்தின ஆளின் முதுகு வேர்வை அதில் முதுகு வடிவத்திலேயே கிடந்தது. துண்டைக் கொடுத்துத் துடைத்துக்கொள்ளச் சொன்னாள், எந்தத் துண்டு, யார் துண்டு. அங்கே கடைசியாக ஒரு வித்தை வேறு காட்டினாள், தரையில் விழுந்துவிட்டால் எப்படி எழும்புவது என்று, நாலு காலில் நிற்க வேண்டுமாம், குழந்தை தவழ்கிற மாதிரி, அப்புறம் நல்ல காலை முன்னால் ஊன்றி, ரெண்டு கையையும் அந்தத் தொடையில் வைத்து நிமிர வேண்டுமாம். செய்யுங்க சார் என்றாள். பத்துப்பேர் செருப்பில்லாமல் நடக்கிற தரையில் அவர் உள்ளங்கையை வைக்கவில்லை, அடுத்த வாரம் செய்கிறேன் என்று வந்தவர் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. நடப்பது மட்டும் நடந்துகொண்டிருப்பதாக வீட்டில் நம்பினார்கள். சாயங்காலமானால் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவார், அப்பா ஒரு நாள் விடாம நடக்காங்க என்று சிவகாமி பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்வாள். எங்கே நடந்தார்? தெருமுனையில் ஆட்டோ ஏறி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற தள்ளுவண்டிக்குத்தான். டிப்போ சிநேகிதன் செல்லத்துரை சொன்ன வைத்தியம், ஆட்டுக்கால் சூப்பு, முட்டிக்கு முட்டியே மருந்து என்றான். முட்டை போட்ட கேக்கைக்கூட வாசலிலேயே நிறுத்திவிடுகிற சைவ வீட்டுப் பிள்ளை, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, விளக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்த எவர்சில்வர் டம்ளரைக் கையில் வாங்கினார். மேலே மஞ்சளாக மினுமினுத்தது, ஊசியில் வந்த அதே மஞ்சள். அடியில் ஒரு குளம்புத் துண்டு. மூக்கைப் பிடித்துக்கொண்டு மருந்து மருந்து என்று சொல்லிக்கொண்டே விழுங்கினார், வாயைக் கொப்புளித்தார், கிராம்பு மென்றார், வெற்றிலை போட்டார், வீட்டுக்கு வந்து சாமி படத்துக்கு முன்னால் நிற்காமல் நேரே குளிக்கப் போனார். நடந்து வந்து வேர்த்திருக்கு என்று சிவகாமி வெந்நீர் விளாவி வைப்பாள். நேற்றுச் சாயங்காலமும் குடித்தார், விசேஷ நாளாச்சே, முட்டி பலமாக இருக்கட்டும் என்று இன்னொரு டம்ளரும் வாங்கினார். அந்த ஆடுதான் இப்போது அவரை இங்கே கொண்டுவந்து உட்கார்த்தியிருக்கிறது. யாரை நோக.

புறவாசல் குழாயடியில் டம்ளர்கள் உருளுகிற சத்தம் கேட்டது. யாரோ வந்துவிட்டார்கள். அவர் மூச்சைப் பிடித்தார். ஆவுடையம்மாளின் குரல், கூட இன்னொரு பெண் குரல், அவளுடைய தங்கச்சியாக இருக்கவேண்டும். குழாயைத் திறந்தார்கள், தண்ணீர்ச் சத்தத்துக்கு மேல் பேசவேண்டியிருந்ததால் கொஞ்சம் உரக்கவே பேசினார்கள், இந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு மனுஷன் போய் இத்தனை நேரமும் இருப்பான் என்று அவர்கள் நினைத்திருக்க நியாயமில்லை.

“யக்கா, பொண்ணுக்க அப்பா நொண்டுதாரே, பாத்தியா? ஒளிச்சு ஒளிச்சுல்லா நடக்காரு.”

“பாக்காம என்ன. தரகரு மொதல்லயே சொல்லிட்டாருட்டி. நாலு வருசமா முட்டி வலி. அந்தப் பிள்ளதான் தெனமும் ராத்திரி தைலம் சுட வச்சுத் தேய்ச்சு விடுதாளாம். ஒரு நாளு மொகஞ் சுளிச்சதில்லயாம்.”

“ஏ யப்பா. இந்தக் காலத்துல.”

“பொறவு முப்பத்தொண்ணு வயசுப் பிள்ளைய என்னத்துக்கு எடுக்கேன்னு நெனச்ச? எனக்கு ரெண்டு முட்டியும் போச்சு. தேய்க்க வச்ச ஆளு ஒருத்தியும் நிக்க மாட்டேங்கா, நாத்தம்னுட்டு ஓடிருதா. பழகின கையி வேணும்லா நமக்கு.”

டம்ளர்களை அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஆறுமுகநயினாருக்கு முதலில் வந்தது ஒரு பெரிய ஆசுவாசம். தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சம்மதித்திருக்கிறார்கள். மறைக்க வேண்டாம், நொண்டலாம், நாற்காலி கேட்கலாம், இந்த இடம் தட்டிப்போகாது. எதை ஒளித்துக்கொண்டு வந்தாரோ அதற்குத்தான் இங்கே கிராக்கி. சிரிப்புக்கூட வந்தது. கூப்பிடலாமே, கதவைத் தட்டி இன்ன மாதிரி என்று சொன்னால் ஆள் வந்து தூக்கிவிடும், இந்த வீட்டுக்கு முட்டி நோவு புதிதா என்ன, உள்ளே பார்த்த அந்தக் கைப்பிடி எதற்கு என்று இப்போதல்லவா விளங்குகிறது. பழகின கை. அந்த வார்த்தை எங்கேயோ மாட்டிக்கொண்டது. பழகின கை. மாட்டுக்குச் சொல்கிற மாதிரி, பழகின மாடு, பழகின கை, யார் பழக்கியது? முகம் சுளித்ததில்லையாம். சுளித்ததில்லை என்று யார் பார்த்தது, தேய்க்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார், சுகமாக இருக்கும், அப்படியே தூக்கம் வந்துவிடும், நாலு வருஷத்தில் ஒரு ராத்திரிகூட அவள் முகத்தை அவர் பார்த்ததில்லை. தைலத்தின் வாடை அவருக்கே பிடிக்காது, பூண்டும் வேப்பெண்ணெயும் இன்னும் என்னென்னவோ போட்டுக் காய்ச்சினது, செத்த எலியைப் பூக்கூடையில் போட்ட வாடை. அதைத் தன் கையால் அவர் ஒரு நாளும் தொட்டதில்லை. பிசுபிசுவென்று விரலில் ஒட்டிக்கொண்டால் சோறு இறங்காது என்று வைத்தியம் தொடங்கிய நாளிலேயே சொல்லிவிட்டார், சரிப்பா நான் தேய்க்கேன் என்றாள் சிவகாமி. அவ்வளவுதான் நடந்தது. அவள் எதனால் சோறு தின்றாள்? ஸ்பூனால் தின்றாள். கொஞ்ச நாளாக ஸ்பூனால்தான் தின்கிறாள், ரசஞ்சோற்றைக்கூட, பள்ளிக்கூடத்து நாகரிகம் முற்றிப்போச்சா என்று அவர் கேலி செய்தார், கையைக் கழுவிவிட்டுக் கையால் தின்னாமல் இது என்ன துரைசானித்தனம் என்று ஒரு நாள் சத்தம்கூடப் போட்டார். அவள் ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, கையால் நாலு வாய் தின்றுவிட்டு எழுந்துபோனாள். கழுவினால் போகாது. எலுமிச்சம்பழத் தோலைக் கையில் தேய்த்துக்கொண்டு நிற்பாளே கொல்லையில், அது எதற்கென்று கேட்டாரா? பிள்ளைங்க எல்லாம் மிஸ் ஒங்க கையில தைலம் மணக்குதுங்குதுப்பா என்று சிரித்துக்கொண்டே சொன்னாளே, அவரும்கூடச் சேர்ந்து சிரித்தாரே. வீட்டிலேயே சுத்தக்காரன் தான் ஒருத்தன் என்று நினைத்துக்கொண்டிருந்தார். கொமட்டுவதற்கு மூக்கும் வயிறும் கடவுள் அவர் ஒருவருக்குத்தான் கொடுத்தார், அவளுக்கு இரண்டு கையை மட்டும் கொடுத்து அனுப்பினார் என்று நினைப்பு. தூ. தரையைப் பார்த்தார், அந்தச் சோப்பையும் முடியையும் பாசியையும், பிறகு தன் முட்டியைப் பார்த்தார், வீங்கி, ரோமம் உதிர்ந்து, வருஷக்கணக்கில் எண்ணெய் ஊறிக் கறுத்துப் பளபளத்துக்கொண்டிருந்தது, பூஜை அறையில் துலக்காத குத்துவிளக்கு மாதிரி. இதைத்தான் அவள் தினமும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். தரையைவிட முட்டிதான் அசிங்கமாக இருந்தது. நடக்கப் போகிறேன் என்று பொய் சொல்லாமல் நடந்திருந்தால், அந்த நீல மெத்தையில் படுத்துக் காலைத் தூக்கியிருந்தால். தூக்கவில்லை, தேய்ப்பதற்கு ஆள் இருந்தது.

“அத்தான்!” கோலப்பன் வெளியே கதவைத் தட்டினான். “அத்தான், உள்ளதான் இருக்கியளா? எல்லாரும் காத்திருக்காவ. ராகு காலம் வந்துரும்.”

“வாரேன், போ” என்றார். வாயைத் திறந்துவிட்டார், அந்தக் காற்று உள்ளே போயிற்று, போகட்டும்.

“தூக்கி விடணுமா?”

“போலேங்கேன்.”

துண்டை அவிழ்த்தார். நாலாக மடித்து முன்னால் தரையில் போட்டார். பிறந்த மேனிக்கு, சம்பந்தியாகப் போகிறவர்கள் வீட்டுப் புறவாசலில். உடம்பை முன்னால் சாய்த்தார், உள்ளங்கை இரண்டும் அந்த ஈரத்தில் பதிந்தன, சில்லென்று, கொழகொழவென்று, விரல் சந்தில் அந்த நீள முடி வந்து ஒட்டியது, வயிற்றிலிருந்து ஒரு ஓங்கரிப்பு கிளம்பித் தொண்டைக்கு வந்து நின்றது. விழுங்கினார். இடது முட்டி துண்டின்மேல் இறங்கியபோது கண்ணில் நீர் முட்டியது, நாலு காலில் நின்றார், அந்தப் பெண் சொன்ன மாதிரி, குழந்தை மாதிரி என்றாள், கிழட்டு நாய் மாதிரி என்று சொல்லியிருக்கலாம். முட்டிக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது டக்கென்று விலகிக்கொடுத்தது. வலது காலை முன்னால் கொண்டுவந்து பாதத்தை ஊன்றினார். கையை எடுத்துத் தொடையில் வைத்தார், அந்த ஈரத்தோடேயே வைத்தார். அழுத்தினார். தொடை நடுங்கிற்று, வெடவெடவென்று, பலமே இல்லாத சதை, சும்மா தொங்கிக்கொண்டிருந்த சதை, இரண்டு தரம் பாதியில் உட்காரப் பார்த்தது. விடவில்லை. சுவரைப் பிடித்து நிமிர்ந்து நின்றபோது நெற்றியிலிருந்து வேர்வை மூக்கு நுனிக்கு வந்து சொட்டியது. தூக்க முடிகிறது. அழுதுகொண்டேயாவது தூக்க முடிகிறது. யாரும் கை கொடுக்காமல் முடிகிறது. அதை நினைத்தபோதுதான் அவருக்குத் தன்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முடியாது என்றிருந்தாலாவது மன்னிக்கலாம். குழாயைத் திறந்து கையையும் காலையும் சோப்புப் போட்டுக் கழுவினார், மறுபடியும் கழுவினார், மோந்து பார்த்தார். வாடை இருந்தது. வேட்டியைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

கூடத்துக்குள் நொண்டிக்கொண்டே போனார். கோலப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தான், பகவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜமுக்காளத்தின் அந்தப் பக்கம் வீட்டுக்கு மூத்தவர் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா தாம்பாளத்தோடு தயாராக உட்கார்ந்திருந்தார். இவர் உட்காராமல் நின்றார். ஆவுடையம்மாள்தான் முதலில் எழுந்தாள், எழுந்தாள் என்பது பேச்சுக்கு, சுவரைப் பிடித்து, ஸ் என்று மூச்சை இழுத்து, ஒவ்வொரு காலாகச் சேர்த்து நின்றாள், புறங்கால் இரண்டும் வீங்கி மெட்டி சதைக்குள் புதைந்திருந்தது. “தரையில உக்காரண்டாம் அண்ணாச்சி, நாற்காலி போடச் சொல்லுதேன். முட்டி நோவு எனக்குத் தெரியாதா? எங்கிட்டப் போயி மறைக்கியளே” என்று உண்மையான வாஞ்சையோடு சொன்னாள். நாற்காலி வந்தது. அவள் கெட்டவள் இல்லை. தைல வாடை அவள் சேலையிலிருந்து வந்தது, வீடு முழுக்க அந்த வாடைதான் இருந்தது, வந்தபோது தன் முட்டியின் வாடை என்று நினைத்துக்கொண்டார். அவளும் அவரும் ஒரே ஜாதி, வலிக்கிற ஜாதி, வலிக்கிறவர்களுக்குத் தன் வலியைத் தவிர இன்னொன்று கண்ணில் படாது. அவளைக் கோபித்துக்கொள்ள அவருக்கு என்ன யோக்கியதை? சிவகாமி இந்நேரம் வீட்டில் பட்டுச் சேலையைக் கட்டிக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அந்தப் பழைய இடம் தட்டிப்போன அன்றைக்குச் சிவப்பு மையில் சரி போட்டுக்கொண்டிருந்தவள். இது தட்டிப்போனால் அடுத்தது வருமா? வராமலும் போகும். மாப்பிள்ளைப் பையன் சங்கரநாராயணன் தூண் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தான், வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத வேட்டி, கைக்குட்டையால் கழுத்தை ஒற்றிக்கொண்டிருந்தான். நல்ல பையன், கூட்டுறவு வங்கியில் வேலை, பொடி வாடைகூடக் கிடையாது. சுத்தமான விரல்கள், நகத்தை ஒட்ட வெட்டியிருந்தான்.

“மாப்ளே” என்றார். “ஒரு வெசயம் கேக்கணும். அம்மைக்கு நீங்க என்னைக்காவது தைலம் தேய்ச்சு விட்டிருக்கியளா?”

பையன் கூச்சத்தோடு சிரித்தான்.

“நானா? எனக்கு அந்த வாடையே ஆவாது மாமா. பக்கத்துல போனாலே கொமட்டும். பொறவு சோறு எறங்காது.”

எல்லோரும் சிரித்தார்கள், ஆவுடையம்மாளும் சிரித்தாள், பெற்ற பிள்ளையின் சுத்தத்தில் அவளுக்குப் பெருமை. நேரமாச்சு, வாங்கிக்கிடுங்க என்று பெரியப்பா தாம்பாளத்தைத் தூக்கி நீட்டினார். கோலப்பன் பின்னாலிருந்து முதுகில் விரலால் குத்தினான்.

“எம் மகளுக்கும் கொமட்டும்” என்றார் ஆறுமுகநயினார். கையை நீட்டவில்லை.